தணிக்கையாளர் கண்ட பன்னிரண்டு கட்டங்கள்

இதை எழுதியாக வேண்டியதன் காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிட்னி நகரத்து நூலகம் ஒன்றுக்கு உரிய, நீல அட்டையிட்ட மெல்லிய நூலின் பின்னிணைப்பாக, என் கையொப்பத்துடன் இரண்டு பக்கக் குறிப்பொன்று கிடக்கிறது. நடை அழகாக இருக்கும். வாதம் தெளிவாக இருக்கும். அடிக்குறிப்புகள்கூட உண்டு. முடிவு மட்டும் தவறு. அத்தவறு ஒரு மனிதரின் பெயரைக் கெடுப்பது. அதுவும் முன்னரே கெட்டிருந்த பெயரை மீண்டும் ஒருமுறை முத்திரையிட்டுக் கெடுப்பது. ஆங்கிலத்தில் செய்த பிழைக்குத் தமிழில் கழுவாய் தேடுவது ஏன் என்று கேட்கலாம். பிழைக்கு இடமான தாள் தமிழ்த்தாள். பிழையைக் கண்டவர் தமிழ்ப் பெண்மணி. தமிழ் படிக்கத் தெரிந்தும் அத்தாளைப் படியாமல் விட்டவன் நான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளின் நடுவில், மெல்போர்ன் நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் வரலாற்றுத் துறையில் சில ஆண்டுகள் ஒப்பந்தப் பணியில் இருந்தேன். முதல் உலகப் போர்க் காலத்தில் இந்தியப் புரட்சியாளர்கள் கடல் கடந்து நடத்திய மறைவான கடிதப் போக்குவரத்தே என் ஆய்வுப் பொருள். மேற்சட்டையின் உள்மடிப்பில் தைத்த கடிதங்கள், பாலால் எழுதி நெருப்பில் காட்டிப் படித்த கடிதங்கள், துணிக்கடைப் பட்டியலாகவும் மருத்துவர் சீட்டாகவும் திருமண அழைப்பாகவும் வேடமிட்ட கடிதங்கள் ஆகியவற்றைப் பற்றி நான் விரிவுரையாற்றுவேன். கேட்பவர்கள் என்னையும் ஓர் உளவாளி போலப் பார்ப்பார்கள். நானோ பேருந்தின் எண்ணைத் தவறாகப் பார்த்து வாரம் ஒருமுறை வேறு புறநகரில் இறங்கும் மனிதன்.

அக்காலத்தில் அந்நகரில் தமிழ்க் குடும்பங்கள் மிகச் சில. தொடர்வண்டியில் தமிழ் கேட்டால் திரும்பிப் பார்ப்பது மட்டுமல்ல, எழுந்து சென்று அருகில் உட்கார்வதும் வழக்கமாக இருந்தது. அப்படி எனக்கு அறிமுகமானவர்கள், நோபல் பார்க் பகுதியில் வாழ்ந்த யாழ்ப்பாணத்துக் கணவனும் மனைவியும். கணவர் பொறியாளர். மனைவி ஊரில் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் அவரை ஆங்கில முறையில் அன்ரி என்பார்கள். சனிக்கிழமைதோறும் நண்பகல் உணவு எனக்கு அவர்கள் வீட்டில்தான். ஸ்பிரிங்வேல் கடைத்தெருவில் கிடைத்த கீரை எதுவாயினும் அம்மையார் அதைத் தேங்காய்ப்பாலில் இட்டுத் தமிழாக்கிவிடுவார்.

அந்த ஆண்டு அம்மையாருக்கு ஒரு பெரும்பணி வாய்த்திருந்தது. மெல்போர்னில் வேலை பார்த்த தம்பிக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வான்வழி அஞ்சலில் குறிப்புகள் வந்த வண்ணம் இருந்தன. சாதகத்தை அவர்கள் குறிப்பு என்பார்கள். உணவு மேசையின் ஒரு பாதியில் சோறு, மறுபாதியில் கோள்கள். மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவைத்துக்கொண்டு, ஒரு கட்டத்தை மற்றொரு கட்டத்தோடு அவர் ஒட்டிப் பார்ப்பதை நான் சற்று இளக்காரத்தோடு பார்த்திருப்பேன். என் தந்தையார் சோதிடத்தை வெறுத்தவர். எங்கள் வீட்டுச் சாதகங்கள் அனைத்தும் வெந்நீர் அடுப்பைப் பற்றவைக்கப் பயன்பட்டு முடிந்திருந்தன. ஆகையால் சாதகம் என்பது எனக்கு அயல்வீடு போன்றது. வெளித்தோற்றத்தால் அடையாளம் தெரியும், உள்ளே நுழைந்ததில்லை.

இந்நிலையில், நகரின் துறைமுகப் பகுதியைச் சேர்ந்த வட்டார வரலாற்றுக் கழகம் ஒன்று என்னைப் பேச அழைத்தது. பேசி முடித்துத் தேநீர்க் கோப்பையோடு நின்றபோது, எழுபது வயது மதிக்கத்தக்க வெள்ளைக்கார அம்மையார் ஒருவர், பிஸ்கட் தகரப்பெட்டி ஒன்றை மார்போடு அணைத்தபடி வந்தார். அடுத்த ஞாயிறன்று தம் வீட்டுக்கு வர இயலுமா என்று கேட்டார். பெட்டியில் பிஸ்கட் இல்லை என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

பெட்டியில் இருந்தது ஒரு தாளும் ஒரு கதையும். அவருடைய தந்தையார் முதல் உலகப் போரின்போது மெல்போர்னில் அஞ்சல் தணிக்கை அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். அயல்நாட்டுக் கடிதங்களைப் பிரித்துப் படிப்பது பணி. ஒருநாள், இன்று ஜகார்த்தா எனப்படும் பத்தாவியாவிலிருந்து ஒரு கடிதம், துறைமுகத்தருகே விடுதியொன்றில் தங்கியிருந்த கப்பல் சமையற்காரர் ஒருவருக்கு வந்தது. மேலே அறிமுகமில்லாத எழுத்தில் இரண்டே வரிகள். கீழே தாளை அடைத்துக்கொண்டு ஒரு சதுரப்படம்: சுற்றிலும் பன்னிரண்டு கட்டங்கள், நடுவே ஒரு பெரிய வெற்றிடம். கட்டங்களுக்குள் அங்கங்கே ஓரெழுத்தும் ஈரெழுத்தும். தணிக்கையாளர் நெடுநேரம் பார்த்தார். நடுவில் இருப்பது துறைமுகம், சுற்றியிருப்பவை நங்கூரமிட்ட கப்பல்கள், எழுத்துகள் அவற்றுள் எவற்றைத் தகர்ப்பது என்பதற்கான குறி என்று முடிவுகட்டி மேலிடத்துக்கு எழுதினார்.

சமையற்காரர் பிடிக்கப்பட்டார். கடிதத்தின் நகல் சென்னைக்குச் சென்றது. அங்கே தமிழறிந்த ஆங்கில அதிகாரி ஒருவர் இருந்திருக்கிறார். சில வாரங்கள் கழித்து அவரிடமிருந்து மறுமொழி வந்தது: இது பச்சைக் குழந்தை ஒன்றின் சாதகம், பேரரசின் நேரத்தை இனியும் வீணாக்க வேண்டா. சமையற்காரரிடம் வருத்தம் தெரிவித்து விட்டுவிட்டார்கள். அவர் அவ்வாரமே ஒரு கப்பலேறிப் போனார். பிறகு அவரைப் பற்றி எவரும் எதுவும் கேள்விப்படவில்லை. தணிக்கையாளரைப் போர்முனை வீரர்களுக்குச் செல்லும் கம்பளிக் காலுறைப் பொதிகளைச் சோதிக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். தொட்டிலைக் கைது செய்தவர் என்ற பட்டப்பெயர் அவருக்கு அன்று ஒட்டியது, இறக்கும்வரை உதிரவில்லை. பந்து உருட்டி விளையாடும் புல்வெளிக் கழகத்தில்கூட அவரைக் கண்டால் நண்பர்கள் குழந்தை போல அழுது காட்டுவார்களாம்.

அவர் செய்த ஒரு குற்றம் உண்டு. கடிதத்தை மேலே அனுப்புமுன் அதன்மேல் மெல்லிய தாளை வைத்து, அப்படியே வரைந்து எடுத்துக்கொண்டார். அத்தாள்தான் அந்தத் தகரப்பெட்டியில் இருந்தது. “என் கண்ணுக்கு அது குழந்தையாகத் தெரியவில்லை” என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாராம்.

இதையெல்லாம் மகள் இப்போது எடுத்து வைத்ததற்குக் காரணம் இருந்தது. வரலாற்றுக் கழகம் அவ்வட்டார மக்களின் போர்க்கால வாழ்க்கை பற்றி ஒரு சிறு நூல் வெளியிடவிருந்தது. அதில் ஓர் இயல் முழுவதும் தொட்டிலைக் கைது செய்தவரைப் பற்றிய நகைச்சுவை. அதை நீக்குமாறு மகள் கேட்டார். கழகத்தின் செயலாளர், தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர், தந்தை சொன்னது மெய்யென அறிஞர் எவரேனும் எழுதித் தந்தால் நீக்குகிறேன் என்று சொல்லிவிட்டார். அறிஞர் என்ற சொல் எங்கே கொண்டுபோய் விடும் பாருங்கள். அந்த அம்மையாரை என்னிடம் கொண்டுவந்து விட்டது.

தாளை விரித்தார். எனக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை. எழுத்தறியாத கை வரைந்த தமிழெழுத்துகள் வெயிலில் காய்ந்த குச்சிகள் போல விறைத்து நின்றன. ஆயினும் படிக்க முடிந்தது. மேல்வரிகளில், தமக்கைக்குச் சித்திரை மாதம் ஆண் குழந்தை பிறந்ததென்றும் சாதகம் இத்துடன் என்றும் இருந்தது. கீழே சாதகக் கட்டம். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, சென்னை அதிகாரி சொன்னது முற்றும் சரி என்றேன்.

அம்மையார் தாளைத் தம் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார்.

“அப்படியானால் என் அப்பா முட்டாள்தானா?”

முட்டாள் அல்லர், அறியாதவர் என்று நான் விளக்கமளித்தேன். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு பத்தி அளவுக்கு எடுத்துரைத்ததாக நினைவு. அவர் தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்து, பெட்டிக்குள் வைத்து, மூடியை அழுத்தினார். பிறகு, தேநீர் ஆறிவிட்டதே, வேறு தரட்டுமா என்று கேட்டார். அன்று அவர் பேசியது அவ்வளவே. நான் போதாக்குறைக்கு அத்தாளின் நகலொன்று வேண்டும் எனக் கேட்டு, மேல்தாள் வைத்து வரைந்தும் எடுத்துக்கொண்டேன்.

செயலாளருக்கு நான் எழுதிக் கொடுத்த இரண்டு பக்கங்கள்தாம் தொடக்கத்தில் சொன்ன குறிப்பு. ஒரு கைக்குழந்தையைக் கண்டு பேரரசே நடுங்கிய வரலாறு என்று தொடங்கியிருந்தேன். காலுறைப் பிரிவைப் பற்றியும் ஒரு வரி உண்டு. இன்று அதை நினைத்தால் காது சுடுகிறது. செயலாளர் படித்து மகிழ்ந்து, நூலின் கடைசியில் அப்படியே சேர்ப்பதாகச் சொன்னார். சைக்ளோஸ்டைல் பொறியில் உருட்டி, நீல அட்டையிட்டு, சில பத்துப் படிகள் ஆயத்தமாயின.

நூல் என் கைக்கு வந்த சனிக்கிழமை அதையும் அந்த நகலையும் எடுத்துக்கொண்டு நோபல் பார்க் சென்றேன். உணவுவேளையில் சொல்லிச் சிரிப்பதற்கு நல்ல கதை என்பது என் எண்ணம். கணவரும் நானும் உண்டுகொண்டிருந்தோம். அம்மையார் மேசையின் மறுபாதியில் மணமகள்மாரின் குறிப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் என் நகலை அவற்றின் நடுவே மெல்லச் செருகி வைத்தேன்.

அவர் அதை எடுத்தார். கண்ணாடி தலையிலிருந்து மூக்குக்கு இறங்கியது.

“உது ஆற்றை குறிப்பு, ஐயா?”

“அறுபது வருசத்துக்கு முன்னாடி பிறந்த பையனோடதும்மா. உங்க தம்பிக்கு ஆகாது.”

“பெடியனோ?” அவர் விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுச் சுற்றிவந்தார். மறுபடி ஒருமுறை சுற்றினார். “உந்தப் பிள்ளை பிறக்கேல்லை, ஐயா. பிறக்கவும் ஏலாது.”

“ஏன், செத்துப்போச்சோ?” என்றார் கணவர்.

“சாகிறதெண்டாலும் முதல்லை பிறக்கோணுமே.”

விளங்கும்படி சொல்லுங்கள் என்று கேட்டேன். அவர் தம்பியின் குறிப்பைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இராகு எந்த வீட்டில் நிற்கிறதோ அதிலிருந்து ஏழாம் வீட்டில், நேர் எதிரேதான் கேது நிற்கும். உலகத்தில் எவருடைய சாதகத்திலும் அதற்கு விலக்கில்லை. இந்தத் தாளிலோ இராகு இடப இராசியில் இருக்க, எதிரே விருச்சிகத்தில் நிற்கவேண்டிய கேது கன்னியில் குந்தியிருந்தது. புதன் கதிரவனை விட்டு மிஞ்சினால் ஒரு வீடு தள்ளிப் போகும். இந்தத் தாளில் கதிரவன் மேட இராசியில். புதன் வானத்தின் மறுகோடியில், துலாத்தில்.

இது சோதிட நம்பிக்கை சார்ந்தது அல்லவா என்று நான் இழுத்தேன். பொறியாளர் வாயைத் துடைத்துக்கொண்டு குறுக்கிட்டார். புதனின் பாதை கதிரவனுக்கு மிக அருகில் இருப்பதால் பூமியிலிருந்து பார்க்கையில் அது கதிரவனை விட்டுத் தொலைவில் தெரியவே முடியாதென்றும், இராகுவும் கேதுவும் நிலவின் பாதை கதிரவனின் பாதையை வெட்டும் இரு எதிரெதிர்ப் புள்ளிகள் என்றும் விளக்கினார். பிறகு, “இது வானசாத்திரம், புரொபெசர். உங்கடை பகுத்தறிவும் ஒத்துக்கொள்ளும்” என்றார்.

தோல்வியை ஒப்புக்கொள்ளுமுன் ஆய்வாளர்கள் செய்வதையெல்லாம் நானும் செய்தேன். வரைந்தவருக்குத் தமிழ் தெரியாது, தவறாக வரைந்திருப்பார் என்றேன். எழுத்துத் தெரியாதவன் எழுத்தைக் கோணலாக எழுதுவானே தவிர, மேல்தாள் வைத்து வரையும்போது ஓரெழுத்தை வேறு கட்டத்துக்கு எடுத்துப்போக மாட்டான் என்றார் அம்மையார். என் நகலில்தான் தவறோ என்றேன். அப்படியானால் அதை நீங்களே சொல்லவேண்டும் என்றார். கடைசி ஆயுதமாக, திருமணத்துக்காகச் சாதகத்தைத் திருத்துவது நம் மக்களின் பழைய வழக்கம் ஆயிற்றே என்றேன்.

அவர் சிரித்தார். “கலியாணத்துக்குக் கள்ளக் குறிப்பு எழுதுறவை செவ்வாயைத்தான் அரக்கி வைப்பினம். செவ்வாய்க் குற்றத்தை மறைக்கிறதுக்கு. ராகு கேதுவிலை கை வைக்க மாட்டினம். வைச்சால் பொம்பிளை வீட்டுக்காரர் வாசலிலையே பிடிச்சுப்போடுவினம். உதை எழுதினவருக்குக் குறிப்பும் தெரியாது, கள்ளக் குறிப்பும் தெரியாது. ஆருக்கோ எதையோ சொல்ல வெளிக்கிட்டிருக்கிறார்.”

சித்திரையில் கதிரவன் மேடத்தில் இருக்கும் என்பது நம் நாட்டில் எவரும் அறிந்தது. அதைச் சரியாக வைத்தவர், மற்றவற்றைத் தம் செய்திக்கு வேண்டிய கட்டங்களில் வைத்திருக்கிறார். துணிப் பட்டியலும் மருந்துச்சீட்டும் திருமண அழைப்பும் வேடமிட்ட மறைகடிதங்கள் என்று ஆண்டுக்கணக்காக விரிவுரையாற்றிய நான், வேடமிட்ட சாதகம் கைக்கு வந்தபோது அதன் வேடத்தைக் கண்டு, சாதகம் என்று சான்றிதழ் கொடுத்திருக்கிறேன். சென்னை அதிகாரியும் நானும் அறுபது ஆண்டு இடைவெளியில் ஒரே கல்லில் தடுக்கி விழுந்திருக்கிறோம். தமிழே தெரியாத அந்த எழுத்தர் மட்டும் விழவில்லை. அவர் கண்டது துறைமுகமா அன்றா என்பது வேறு. அது குழந்தையன்று என்பதைக் கண்டுவிட்டார்.

உடனே ஓடிப்போய்ச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். ஒரு வாரம் சும்மா இருந்தேன். இந்தியாவிலிருந்து வந்த பேராசிரியருக்கு இந்தியச் சாதகம் படிக்கத் தெரியவில்லை என்ற செய்தி துறைக்கு எட்டினால், அடுத்த ஆண்டு ஒப்பந்தம் நீளுமா என்ற கவலையும் இருந்தது. நூலோ மெல்லிய நூல், எவர் படிக்கப்போகிறார்? அடுத்த சனிக்கிழமை அம்மையார் சோறு போடுமுன் கேட்டார்.

“எப்ப போய்ச் சொல்லப் போறியள்?”

“யோசிச்சுட்டிருக்கேன்மா.”

“அந்த மனிசி அறுபது வருசமா யோசிச்சுக்கொண்டிருக்கிறா” என்று சொல்லிவிட்டு, அகப்பையைச் சட்டியிலேயே வைத்துக்கொண்டு நின்றார். மறுநாள் போவதாக நான் சொன்ன பிறகே சோறு தட்டுக்கு வந்தது. துணைக்கு அவரும் வந்தார். எனக்குத் துணையாகவா, நான் போகிறேனா என்று பார்க்கவா என்பதை நான் கேட்கவில்லை.

தணிக்கையாளரின் மகள் கதவைத் திறந்து, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் நின்றபடியே, அன்று சொன்னது பிழை, அது சாதகமன்று, உங்கள் தந்தையார் ஐயுற்றது சரி என்றேன்.

“இந்த முறை உறுதிதானா?” என்றார் அவர்.

உறுதி சொல்லும் தகுதி எனக்கில்லை, அதற்காகத்தான் இவரை அழைத்துவந்தேன் என்று அறிமுகம் செய்தேன். யாழ்ப்பாணத்து அம்மையார் பள்ளி ஆசிரியைக்கு உரிய குரலில் தொடங்கிவிட்டார். தேநீர்க் கோப்பை கதிரவன் ஆயிற்று. சர்க்கரைக் கட்டி ஒன்று புதன். மேசையின் ஒரு முனையில் உப்புச் சிமிழும் மறுமுனையில் மிளகுச் சிமிழும் இராகுவும் கேதுவும். இவற்றுள் ஒன்றை நகர்த்தினால் மற்றதும் நகரவேண்டும் என்று காட்டி, மகளையே நகர்த்தச் சொன்னார். மூன்றாம் முறை அவர் தவறின்றி நகர்த்தினார். பிறகு எழுந்துபோய்த் தகரப்பெட்டியைக் கொண்டுவந்து, மூலத்தாளை விரித்து, கட்டங்களைத் தாமே எண்ணினார். கேது கன்னியில்தான் இருந்தது. என் நகலில் தவறில்லை.

“அப்படியானால் அந்தச் சமையற்காரர் யார்?” என்றார்.

“அந்தக் கேள்வியை உங்கள் தந்தையார் கேட்டார். சென்னை அதிகாரியும் நானும் கேட்கவில்லை” என்றேன்.

அவர் உப்புச் சிமிழை மட்டும் எடுத்து அதன் வீட்டில் சரியாக வைத்தார். அன்று எனக்குக் கிடைத்த தேநீர் முன்னதைவிடச் சூடாக இருந்தது.

கட்டத்தின் செய்தி என்ன என்பதை நாங்கள் மூவரும் பல பிற்பகல்கள் உட்கார்ந்து தேடினோம். பழைய துறைமுக வரைபடத்தின்மேல் வைத்துப் பார்த்தோம், பொருந்தவில்லை. பன்னிரண்டு மாதங்களாகக் கொண்டு பார்த்தோம். ஏதோ வந்தது, ஆனால் நாங்கள் விரும்பியதெல்லாம் வந்ததால் அதை நம்பவில்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த வேலை வரலாற்றுக் கழகம். செயலாளர் நான் சொன்னதைக் கேட்டு முகம் வாடினார். அந்த நூலில் நகைச்சுவை இருந்த ஒரே இடம் அதுதானாம். குழு கூடவேண்டும் என்றார். குழு கூடிற்று. என் பிழையை நான் எழுதிப் படித்தேன். உறுப்பினர் ஒருவர், உங்கள் நாட்டுப் படத்தை உங்களால் படிக்க முடியவில்லையா என்று வியப்போடு கேட்டார். ஆம் என்றேன். அதைவிடச் சிறிய விடையை நான் எந்த அவையிலும் கூறியதில்லை. மகள் முன்வரிசையில், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார். பங்கிடாமல் இருந்த படிகள் எல்லாவற்றிலும் ஒரு திருத்தச் சீட்டை ஒட்டுவதென முடிவாயிற்று. சீட்டின் வாசகம் என்னுடையது: இந்நூல் குறிப்பிடும் படம் எக்குழந்தையின் சாதகமும் ஆகாது; தணிக்கையாளர் ஐயுற்றது முறையானதே; அவரை எள்ளி எழுதியவன் பிழை செய்தான்.

ஆனால் இரண்டு படிகள் முன்னமே நூலகங்களுக்குப் போய்விட்டிருந்தன. ஒன்று அதே வட்டாரத்து நூலகம், மற்றது சிட்னி. நூலகத்துக்குக் கொடுத்தது கொடுத்ததுதான், அதில் கை வைக்கக் கழகத்துக்கு உரிமையில்லை என்றார் செயலாளர். நூலகத்தாரைக் கேட்டோம். பதிவான நூலில் எதையும் ஒட்டுவதற்கில்லை என்றார்கள். மகள் என்னைப் பார்த்தார். யாழ்ப்பாணத்து அம்மையாரும் என்னைப் பார்த்தார். உளவைப் பற்றி அத்தனை காலம் பேசிய நான் முதன்முறையாக அதைச் செய்ய நேர்ந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில் மூவரும் தனித்தனியாக அந்த வட்டார நூலகத்துக்குள் நுழைந்தோம். பொறியாளர் வெளியே காரில் இருந்தார். நான் இறங்கும்போது, “எம்டன்தான் நீங்கள்” என்று என்னை வழியனுப்பினார். அதே போரில் சென்னைமேல் குண்டு வீசிவிட்டு, தந்திரக்காரர்களுக்குத் தன் பெயரை நம் பேச்சில் விட்டுச்சென்ற ஜெர்மன் கப்பல் எம்டன். அதை முறியடித்தது ஆஸ்திரேலியக் கப்பல் என்பதை அவருக்கு நினைவூட்டிவிட்டுப் போனேன்.

யாழ்ப்பாணத்து அம்மையார் நூலகரிடம், மெல்போர்ன் குளிரில் முருங்கை வளர்ப்பது பற்றி நூல் உண்டா என்று கேட்டார். நூலகர் கடமை தவறாதவர். நூற்பட்டியல் அட்டைகள் அடங்கிய இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுத்துத் தேடத் தொடங்கினார். மகள் அடுக்குவரிசையின் முனையில் காவல். எவரேனும் வந்தால் இருமுறை இருமவேண்டும் என்பது ஏற்பாடு. நான் நீல அட்டை நூலை எடுத்து, மேலங்கிப் பையில் கைவிட்டேன். கோந்துப்புட்டியின் மூடி கழன்றிருந்தது. கைக்குட்டை, பேருந்துச் சீட்டு, திருத்தச் சீட்டு மூன்றும் ஒரே உடலாகியிருந்தன. பிரித்தெடுத்து ஒட்டப்போகும் வேளையில் மகள் இருமுறை இருமினார். பதறிப்போய்ச் சீட்டை அழுத்திவிட்டு, நூலை மூடி, அருகில் இருந்த மீன்பிடி நூலொன்றைத் திறந்து ஆழ்ந்து படிக்கலானேன்.

எவரும் வரவில்லை. மகளுக்கு உண்மையிலேயே சளி பிடித்திருந்தது.

மீண்டும் திறந்து பார்த்தபோது சீட்டு தலைகீழாக ஒட்டிக்கொண்டிருந்தது. கோந்து நல்ல கோந்து, அசைக்க முடியவில்லை. மகள் வந்து பார்த்தார். நூலைத் தலைகீழாகத் திருப்பி, மூன்று வரிகளையும் மெல்ல வாய்விட்டுப் படித்தார். அதை அடுக்கில் வைக்குமுன் பக்கத்தைத் தடவி விட்டார். “அப்பாவுக்கு இது போதும். அவரையும் எல்லாரும் தலைகீழாகத்தான் படித்தார்கள்” என்றார். முருங்கைக்கு நூல் கிடைக்கவில்லை என்று நூலகர் வருந்திச் சொல்ல, நாங்கள் தனித்தனியாக வெளியேறினோம்.

சிட்னிப் படியை நான் எட்டவே முடியவில்லை. ஒருமுறை சிட்னியின் புறநகரான பிளாக்டவுன் வரை சென்று உறவினர் வீட்டில் தங்கி, நகரத்து நூலகத்தில் கேட்டேன். யாரோ படிக்க எடுத்துச் சென்றிருப்பதாகச் சொன்னார்கள். ஒப்பந்தம் முடிந்து நாடு திரும்பும்வரை அந்த யாரோ திருப்பிக் கொடுக்கவில்லை. ஆக, தணிக்கையாளர் முட்டாள் என்று என் கையொப்பத்தோடு சொல்லும் படி ஒன்று உலகில் இன்னும் இருக்கிறது. இவ்வரலாறு அதற்கான திருத்தச் சீட்டு.

நான் ஒருமுறை படிக்காமல் சான்று கொடுத்தவன். இங்கும் கோள்களை இடம் மாற்றி எழுதியிருக்கக்கூடும். கடிதத்தின் வரிகளும் நினைவிலிருந்து எழுதியவை. சோதிடமோ வானியலோ அறிந்தவர்கள் பிழை கண்டால் தயங்காமல் திருத்தி எழுதுங்கள். போர்க்கால மறையெழுத்தில் பழக்கமுள்ளவர்கள், அந்தப் பன்னிரண்டு கட்டங்களுக்குப் பொருள் கண்டால் அதையும் தெரிவியுங்கள். சிட்னி வாழ் அன்பர்கள் எவர் கையிலேனும் அந்த நீல அட்டை நூல் அகப்பட்டால், சீட்டு ஒன்றை ஒட்டிவிடவேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அதை நேராக ஒட்டுங்கள்.